கண்ணாடிக்கு ஆயுள் அதிகம்: சென்னை–மும்பை ஒளியிழை முதுகெலும்பின் வடிவமைப்புத் தேர்வுகள்

சிங்கப்பூரிலிருந்து வங்கக் கடலடியில் வரும் கம்பிவடங்கள் சென்னையில் கரையேறுகின்றன. வளைகுடா நாடுகளையும் ஐரோப்பாவையும் நோக்கிச் செல்பவை பெரும்பாலும் மும்பையில் கடலுக்குள் இறங்குகின்றன. ஆகவே தென்னிந்தியாவில் சொந்தமாக இணைய முதுகெலும்பு வைத்துக்கொள்ள நினைக்கும் எந்த நிறுவனத்துக்கும், இந்த இரண்டு கரைகளையும் தரைவழியாக இணைக்கும் ஒளியிழைத் தடம் ஒன்று இருந்தே தீர வேண்டும். பெங்களூரு, ஹுப்பள்ளி, புனே வழியாகச் சென்றால் அதன் நீளம் சாலைக் கணக்கில் ஏறத்தாழ 1,350 கி.மீ. இந்தத் தடத்தை இன்று புதிதாக அமைக்கப் புகும் பொறியாளர் முன் என்னென்ன தேர்வுகள் நிற்கின்றன, ஒன்றை எடுத்தால் வேறெதைக் கைவிட நேர்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இத்தகைய ஒப்பீடுகள் பலவும் ஒரு பிட்டைக் கொண்டு சேர்க்க எவ்வளவு செலவு என்ற கேள்வியில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகின்றன. அந்தக் கேள்வி தேவையானதுதான், ஆனால் போதுமானதன்று. முதுகெலும்பு என்பது ஒரே பொருள் அல்ல. வெவ்வேறு ஆயுள் கொண்ட பொருள்களின் அடுக்கு. மண்ணுக்கடியில் போட்ட குழாய் முப்பது ஆண்டுகளுக்கு மேலும் இருக்கும். அதற்குள் ஓடும் கண்ணாடி இழையை இருபத்தைந்து ஆண்டுகள் என்று கணக்கு வைக்கிறார்கள். வழியில் நின்று மங்கிய ஒளியை வலுவாக்கும் பெருக்கிகளும், அலைநீளங்களைத் (ஒவ்வொன்றும் தனித்தரவு சுமக்கும் ஒளி நிறங்களைத்) திருப்பிவிடும் கருவிகளும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் தாங்கும். இரு முனைகளிலும் மின்சமிக்ஞையை ஒளியாக மாற்றும் டிரான்ஸ்பாண்டர்களோ நான்கைந்து ஆண்டுகளில் பழசாகிவிடும். இளைய அடுக்கை மாற்றும்போது மூத்த அடுக்கில் கை வைக்க வேண்டியிராத வடிவமைப்பே நல்ல வடிவமைப்பு என்ற அளவுகோலை இங்கே வைத்துக்கொள்கிறேன்.

சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்து 2002இல் பயன்பாட்டுக்கு வந்த ஐ2ஐ கம்பிவடத்தை எடுத்துக்கொள்வோம். அதில் எட்டு இழை இணைகள்; போக ஓர் இழை, வர ஓர் இழை சேர்ந்தது ஓர் இணை. ஒவ்வொன்றிலும் 105 அலைநீளங்கள், ஒவ்வோர் அலைநீளத்திலும் விநாடிக்கு 10 ஜிகாபிட். மொத்தம் 8.4 டெராபிட். அன்றைக்கு அது மலைக்க வைத்த எண். இன்று தரைவழியில் ஒற்றை இழை இணையில் அதைப்போல மூன்று மடங்கு அனுப்புகிறார்கள். வளர்ச்சியின் பெரும்பங்கு கண்ணாடியில் நிகழவில்லை. கண்ணாடியின் இரு முனைகளிலும் நிகழ்ந்தது.

முதல் தேர்வு, இழை எந்த வழியில் ஓட வேண்டும் என்பது. இந்தியாவில் இதற்கு மூன்று விடைகள் உண்டு. நெடுஞ்சாலை ஓரத்தில் பள்ளம் தோண்டிக் குழாய் பதிப்பது ஒன்று. ரயில்டெல் நிறுவனம் செய்திருப்பதுபோல் தண்டவாளத்தை ஒட்டிக் கொண்டுசெல்வது இரண்டாவது. மின் கோபுரங்களின் உச்சியில் ஓடும் நிலக்கம்பியின் உள்ளேயே இழைகளை வைத்து இழுப்பது மூன்றாவது; பவர்கிரிட் அமைப்பின் தொலைத்தொடர்புத் தடங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. சாலையோர இழைக்கு முதல் எதிரி, சாலையை அகலப்படுத்த வரும் ஜேசிபி. இழை ஒருமுறை அறுபட்டால், இடையில் ஒரு துண்டு இழை வைத்து இருபுறமும் ஒட்ட வேண்டியிருக்கும். அதாவது ஒரு வெட்டுக்கு இரண்டு ஒட்டுகள். ஒவ்வோர் ஒட்டும் 0.05 முதல் 0.1 டெசிபல் (ஒளித்திறன் எத்தனை மடங்கு மாறியது என்பதைக் குறிக்கும் அலகு) வரை ஒளியைத் தின்னும். பத்தாண்டுகளில் நாற்பது ஒட்டுகள் சேர்ந்துவிட்ட ஒரு பகுதி, வாங்கிய நாளில் அளந்து கொடுத்த கணக்குக்குக் கொஞ்சமும் ஒத்துவராது. கோபுர இழையை ஜேசிபி எட்டாது. ஆனால் கம்பியில் மின்னல் இறங்கும்போது அதன் காந்தப்புலம் உள்ளே செல்லும் ஒளியின் முனைவாக்கத்தை, அதாவது ஒளி அலை அதிரும் திசையை, நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் சுழற்றிவிடுகிறது. முனைவாக்கத்தைத் தொடர்ந்து கண்காணித்தே தரவைப் பிரித்தெடுக்கும் இன்றைய ஏற்பிகள் அந்தச் சுழற்சியைப் பின்தொடர முடியாமல் ஒரு கணம் தடுமாறக்கூடும். மேலும், பெருக்கியை வைக்க இடமும் மின்சாரமும் துணைமின் நிலையங்களில் மட்டுமே கிடைக்கும் என்பதால், இரண்டு பெருக்கிகளுக்கு இடையிலான தூரத்தை நாம் தீர்மானிப்பதில்லை. மின்வாரியத்தின் வரைபடம் தீர்மானிக்கிறது.

அந்தத் தூரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சிறு கணக்கில் பார்க்கலாம். 1,550 நானோமீட்டர் அலைநீளத்தில் நல்ல இழை ஒரு கிலோமீட்டருக்கு 0.2 டெசிபல் ஒளியை இழக்கிறது. சென்னையிலிருந்து பெங்களூருக்கு 350 கி.மீ. என்றால் இழப்பு 70 டெசிபல். சென்னையில் இழைக்குள் விட்ட ஒளியில் கோடியில் ஒரு பங்கே பெங்களூரை அடையும். எனவே 80 கி.மீ.க்கு ஒன்றாகப் பெருக்கிகளை நிறுத்துகிறோம். 80 கி.மீ. கடந்த ஒளி நாற்பதில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும்; எர்பியம் கலந்த சில மீட்டர் இழையும் ஒரு லேசரும் கொண்ட பெருக்கி அதை மீண்டும் நாற்பது மடங்காக்கி அனுப்பும். எல்லா அலைநீளங்களையும் ஒருசேர, மின்சமிக்ஞையாக மாற்றாமல் பெருக்கும் இந்தக் கருவி 1987இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் உருவானது. அது வந்திராவிட்டால் ஒவ்வொரு நிறத்துக்கும், ஒளியை மின்சமிக்ஞையாக்கி மீண்டும் ஒளியாக்கும் தனித்தனி மறுபிறப்புக் கருவி என்ற செலவில் இணையம் திணறிப்போயிருக்கும்.

பெருக்கி இலவசமாக எதையும் தருவதில்லை. சமிக்ஞையைப் பெருக்கும்போது தன் பங்குக்கு இரைச்சலையும் சேர்க்கிறது. 1,350 கி.மீ.க்கு 80 கி.மீ. இடைவெளியில் பதினேழு பகுதிகள் வரும். இடைவெளியை 100 கி.மீ. ஆக்கினால் பதினான்கு போதும். பெருக்கிகளை வைக்கும் குடிசைகளில் மூன்று மிச்சம். குடிசை என்றால் நிலம், குளிர்சாதனம், மின்கலன், டீசல் ஜெனரேட்டர், காவல் எல்லாம் சேர்ந்ததுதான். ஆகவே கணக்காளருக்கு 100 கி.மீ. பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு பெருக்கியும் இப்போது 16 டெசிபலுக்குப் பதிலாக 20 டெசிபல் பெருக்க வேண்டும். அது சேர்க்கும் இரைச்சல் இரண்டரை மடங்காகும். எண்ணிக்கை குறைந்ததையும் கழித்துப் பார்த்தால் மும்பையில் வந்து சேரும் மொத்த இரைச்சல் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. மூன்று குடிசைகளை மிச்சம்பிடித்ததற்கு விலையாக, அடுத்த இருபது ஆண்டுகளுக்கு அந்தத் தடத்தில் ஓடப்போகும் ஒவ்வோர் அலைநீளமும் 3 டெசிபல் வரி கட்டிக்கொண்டே இருக்கும். முதல் நாளின் சிக்கனம் மூத்த அடுக்கில் போய் ஒட்டிக்கொள்வதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

நீண்ட இடைவெளி தவிர்க்க முடியாதபோது ராமன் பெருக்கி கைகொடுக்கிறது. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928இல் கண்டறிந்த ஒளிச்சிதறலின் தூண்டப்பட்ட வடிவம்தான் இதன் அடிப்படை. ஏறத்தாழ 1,450 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட வலுவான லேசர் ஒளியை எதிர்த்திசையில் இழைக்குள் செலுத்தினால், வந்துகொண்டிருக்கும் சமிக்ஞைக்கு இழையே பெருக்கியாகிவிடுகிறது. சமிக்ஞை முற்றிலும் மங்குவதற்கு முன்பே ஊட்டம் கிடைப்பதால் இரைச்சல் குறைகிறது. இதன் தொல்லை களத்தில்தான் தெரியும்: நூற்றுக்கணக்கான மில்லிவாட் ஒளி பாயும் இணைப்பியில் ஒரு தூசு இருந்தால்கூட அதன் முகம் கருகிவிடும், துடைக்காமல் செருகுகிற கை ஒரு நாள் முழுப் பகுதியையும் படுக்கவைத்துவிடும். எனவே எல்லா இடத்திலும் ராமன் என்ற வடிவமைப்பை நான் விரும்புவதில்லை. மிக நீண்ட ஓரிரு பகுதிகளுக்கு அது போதும்.

இனி, இழைக்குள் எவ்வளவு தரவை ஏற்றலாம் என்பதைப் பார்ப்போம். ஒளியின் இருப்பும் இன்மையும் கொண்டு ஒன்று, சுழியம் என்று அனுப்பிய காலம் 10 ஜிகாபிட்டோடு முடிந்தது. அதற்குப் பின் வந்த ஓரியல் ஏற்பி, ஒளி அலையின் வீச்சு, கட்டம் (அலை தன் ஏற்ற இறக்கத்தில் நிற்கும் நிலை), இரண்டு முனைவாக்கங்கள் ஆகிய எல்லாவற்றையும் படித்துவிடுகிறது. இழையில் ஏற்பட்ட சிதைவுகளைச் சில்லு ஒன்று கணக்குப் போட்டே நீக்குகிறது. 2009 டிசம்பரில் பாரிசுக்கும் பிராங்க்பர்ட்டுக்கும் இடையே 893 கி.மீ. தூரத்தில் வணிகப் பயன்பாட்டுக்கு வந்த 100 ஜிகாபிட் தடம் இந்த மாற்றத்தின் தொடக்கங்களில் ஒன்று. தரவை ஒளி அலையில் பதிக்கும் முறைக்குப் பண்பேற்றம் என்று பெயர். ஒரு குறியீட்டில் நான்கு பிட்களை ஏற்றும் எளிய பண்பேற்றம் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடும். எட்டுப் பிட்களை ஏற்றும் நெருக்கமான பண்பேற்றத்துக்கு ஏறத்தாழ 7 டெசிபல் கூடுதல் தூய்மை வேண்டும் என்பதால் அதன் எட்டம் ஐந்தில் ஒன்றாகச் சுருங்குகிறது.

இங்கே விற்பனைத் தாள்களில் பெரும்பாலும் மறைந்துவிடும் ஓர் உண்மை இருக்கிறது. சி பட்டை எனப்படும் வழக்கமான அலைக்கற்றையில் 4.8 டெராஹெர்ட்ஸ் இடம் உண்டு. ஓர் அலைநீளத்துக்கு 75 ஜிகாஹெர்ட்ஸ் ஒதுக்கி 400 ஜிகாபிட் அனுப்பினால் 64 அலைநீளங்கள், மொத்தம் 25.6 டெராபிட். இப்போது புதிய தலைமுறைக் கருவி வந்து, ஒரே அலைநீளத்தில் 800 ஜிகாபிட் என்கிறது. ஆனால் அதற்கு 150 ஜிகாஹெர்ட்ஸ் இடம் கேட்கிறது. 32 அலைநீளங்கள், மொத்தம் அதே 25.6 டெராபிட். இழையின் கொள்ளளவு ஒரு பிட்கூடக் கூடவில்லை. கூடியதெல்லாம் வேறு: முன்பு இரண்டு அட்டைகள் செய்த வேலையை ஒன்று செய்கிறது, மின்செலவும் இடமும் குறைகின்றன. அவையும் மதிக்கத்தக்க ஆதாயங்களே. ஆயினும் இழை நிரம்பிவிட்டது என்ற காரணத்துக்காக 800 ஜிகாபிட் கருவி வாங்குகிறவர், அரிசி வைக்க இடமில்லை என்று பெரிய மூட்டை வாங்குகிறவரைப் போன்றவர்.

இழை உண்மையிலேயே நிரம்பினால் வழி இரண்டு: பக்கத்தில் உள்ள எல் பட்டையையும் திறந்து அதே இழையில் ஏறத்தாழ இரு மடங்கு அனுப்புவது, அல்லது இரண்டாவது இழை இணையை ஏற்றுவது. இவற்றை ஒப்பிடுவதற்கு, ஒரு தடத்தில் அதிகபட்சம் எவ்வளவு தரவு போகும் என்று கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1948இல் எழுதிய சூத்திரம் துணை செய்யும். ஒளியின் திறனை இரட்டித்தால் ஒவ்வொரு குறியீட்டுக்கும், ஒவ்வொரு முனைவாக்கத்துக்கும், கூடுதலாக ஒரு பிட்தான் கிடைக்கும். பாதைகளை இரட்டித்தால் கொள்ளளவே இரட்டிக்கும். போதாததற்குத் திறனை விருப்பம்போல் ஏற்றவும் முடியாது; ஓர் அளவுக்கு மேல் கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணையே ஒளி மாற்றத் தொடங்கி, அலைநீளங்கள் ஒன்றையொன்று கெடுக்கும். கடலடிக் கம்பிவடங்களைக் கட்டுகிறவர்கள் இந்தப் பாடத்தை நன்றாகப் படித்துவிட்டார்கள். கடலடியில் இருக்கும் பெருக்கிகளுக்குக் கரையிலிருந்து ஒரே செப்புக் கடத்தி வழியாகத்தான் மின்சாரம் அனுப்ப முடியும் என்பதால் மின்திறன்தான் அங்கே பஞ்சம். ஆகவே 2021 தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்த கூகுளின் டூனான்ட் கம்பிவடத்தில் பன்னிரண்டு இழை இணைகளை வைத்து, பெருக்கி லேசர்களை இணைகளுக்கிடையே பகிர்ந்துகொள்ளச் செய்து, 250 டெராபிட் கொள்ளளவை எட்டினார்கள். ஒவ்வோர் இழைக்கும் குறைவான திறன், ஆனால் நிறைய இழைகள்.

தரையில் மின்சாரம் பஞ்சமில்லை. பஞ்சம் எது என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. கம்பிவடமே நம்முடையதாக, அதில் 96 இழைகள் இருந்தால், எல் பட்டையைப் பற்றி நினைக்கவே வேண்டாம்; இரண்டாவது இணையில் அதே சி பட்டைக் கருவிகளை மறுபடியும் வைப்பது எளிது, மலிவு, பழுதுபார்ப்பவருக்கும் பழக்கமானது. டார்க் ஃபைபர் எனப்படும் ஒளியேற்றாத இழையை இணைக்கு இவ்வளவு, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு வாடகைக்கு எடுப்பவருக்கோ, இரண்டாவது இணை என்பது இரண்டாவது வாடகை. அவருக்கு எல் பட்டை கட்டுப்படியாகும். ஆனால் அதில் இரண்டு சிக்கல்கள். ராமன் விளைவு இங்கே எதிரியாக வந்து, சி பட்டையின் ஒளித்திறனை எல் பட்டைக்குக் கடத்திக்கொண்டே இருக்கும்; சி பட்டையில் ஒரு தொகுதி அலைநீளங்கள் திடீரென அணைந்தால் எல் பட்டையின் சமநிலையும் சரியும். இதைத் தவிர்க்க, பயன்படாத இடங்களையும் பொய்யான இரைச்சல் ஒளியால் நிரப்பி வைக்கிறார்கள். இரண்டாவது, முதல் நாளிலேயே அதற்கான பிரிப்பிகளையும் இணைப்பிகளையும் வைக்காவிட்டால், பின்னால் எல் பட்டையைச் சேர்க்க ஓடிக்கொண்டிருக்கும் போக்குவரத்தை நிறுத்த வேண்டிவரும்.

அடுத்ததாக, ஒப்பீட்டில் அதிகம் சண்டை நடக்கும் இடம்: வழியில் உள்ள நகரங்களில் தரவை எந்த அடுக்கில் திருப்புவது? பழைய விடை நான்கு அடுக்குகளைக் கொண்டது. ஐபி எனும் இணையத் தரவுப் பொட்டலத்தை ஏடிஎம் (வங்கி இயந்திரம் அல்ல, ஒரு பழைய தரவுக் கடத்தல் முறை) சிற்றறைகளாக நறுக்கி, அவற்றை எஸ்டிஎச் என்ற இன்னொரு கடத்தல் முறையின் சட்டகத்தில் ஏற்றி, அதை ஓர் அலைநீளத்தில் வைத்து அனுப்பினார்கள். 53 பைட் சிற்றறையில் 5 பைட் தலைப்புக்கே போய்விடும்; கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு வீண். ஏடிஎம் போனதற்கு யாரும் அழவில்லை. எஸ்டிஎச் மட்டும், இழை அறுந்தால் 50 மில்லி நொடிக்குள் மாற்று வழிக்குத் தாவும் திறமையால் நெடுநாள் நிலைத்தது.

இன்று களத்தில் நிற்கும் விடைகள் மூன்று. ஒவ்வொரு நகரத்திலும் ரவுட்டரில் இறக்கி மறுபடி ஏற்றுவது ஒன்று. இடைநகரங்களில் ரோடம் எனப்படும் அலைநீளத் திருப்பியை வைத்து, நேராகப் போக வேண்டிய ஒளியை ஒளியாகவே கடத்திவிடுவது இன்னொன்று. இரண்டுக்கும் இடையே, மின்சமிக்ஞை நிலையில் திருப்பும் ஓடிஎன் என்ற அடுக்கை வைத்துச் சிறு சிறு சுற்றுகளை (தனி இணைப்புகளை) ஓர் அலைநீளத்துக்குள் அடுக்குவது மூன்றாவது. மூன்றாவதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம்: வங்கிகளுக்கும் பிற இணைய நிறுவனங்களுக்கும் 10 ஜிகாபிட், 100 ஜிகாபிட் என்று தனிச் சுற்றுகளை வாடகைக்கு விடுபவருக்கு ஓடிஎன் பொருந்தும், ஏனெனில் ஒருவர் சுற்றின் நெரிசல் இன்னொருவரைத் தொடாது என்று அதில் எழுதிக் கொடுக்கலாம். தன் சொந்த இணையப் போக்குவரத்தை மட்டும் சுமப்பவருக்கு அது கூடுதல் பெட்டி, கூடுதல் செலவு.

முதல் இரண்டையும் எண்ணிப் பார்ப்போம். சென்னையிலிருந்து மும்பைக்கு 400 ஜிகாபிட் போக வேண்டும். டிரான்ஸ்பாண்டரின் வேலையைச் செய்யும், விரல் நீளமே உள்ள செருகு மாட்யூல்களை ரவுட்டரிலேயே நேரடியாகப் பொருத்தும் வழி 2020இல் 400இசட்ஆர் தர நிர்ணயத்தோடு பிறந்தது. அதன் மூல வடிவம் 120 கி.மீ. ஓடும், பின்னர் வந்த நீட்டித்த வடிவங்கள், பெருக்கிகளின் துணையோடு, சில நூறு கிலோமீட்டர் ஓடும். ஆகவே சென்னை–பெங்களூரு 350, பெங்களூரு–ஹுப்பள்ளி ஏறத்தாழ 410, ஹுப்பள்ளி–புனே ஏறத்தாழ 430, புனே–மும்பை 150 என்று நான்கு தாவல்கள் வேண்டும். எட்டு மாட்யூல்கள், எட்டு ரவுட்டர் வாயில்கள். ரோடம் வழியில் சென்னையிலும் மும்பையிலும் மட்டும் ஒவ்வொரு நெடுந்தூர டிரான்ஸ்பாண்டர், ஒவ்வொரு ரவுட்டர் வாயில். இடையில் இருப்பதெல்லாம் கண்ணாடியும் ஆடிகளும். மாட்யூல்கள் மலிவு, நெடுந்தூர அட்டை விலை அதிகம். ஆனால் ரவுட்டர் வாயில்களின் விலையையும் மின்செலவையும் சேர்த்துக் கூட்டாத ஒப்பீடு, மாட்யூல் விற்பவருக்கு மட்டுமே உதவும்.

இதற்கு எதிர்வாதமும் வலுவானது. சென்னை–மும்பைத் தேவை 400இல் 150 ஜிகாபிட்தான் என்றால், நேரடி அலைநீளத்தில் மீதி 250 வெறுமனே ஓடும். ரவுட்டர் வழியில் அந்தக் காலியிடத்தைப் பெங்களூருப் போக்குவரத்து நிரப்பிக்கொள்ளும். பத்து நகரங்களை ஒவ்வொன்றோடொன்றாக நேரடி அலைநீளங்களால் இணைத்தால் 45 இணைப்புகள். பெரும்பாலானவை பாதிகூட நிரம்பாது. ஆகவே பழைய விதி இன்றும் செல்லும்: இரண்டு நகரங்களுக்கு இடையிலான தேவை ஒரு முழு அலைநீளத்தை நிரப்புகிற அளவுக்கு வந்துவிட்டால் அதை ஒளியாகவே கடத்து, வராதவரை ரவுட்டரில் கலந்து அனுப்பு. செருகு மாட்யூல்கள் இந்த விதியை ஒழிக்கவில்லை. எல்லைக் கோட்டைச் சற்று நகர்த்தியிருக்கின்றன, அவ்வளவே.

மாட்யூல்களை ஏற்கெனவே உள்ள ரோடம் தடத்தில் செருகிப் பார்த்தவர்கள் கண்ட சிறு விவரம் ஒன்றையும் இங்கே குறிக்க வேண்டும். மூல 400இசட்ஆர் மாட்யூலின் ஒளித்திறன் சுமார் பத்தில் ஒரு மில்லிவாட். வழக்கமான டிரான்ஸ்பாண்டர் ஒரு மில்லிவாட் அளவில் அனுப்பும். பத்து மடங்கு மங்கலான விளக்கை வரிசையில் நிறுத்தினால், அதை மற்றவற்றின் உயரத்துக்குக் கொண்டுவரவே கூடுதல் பெருக்கமும் அதனால் கூடுதல் இரைச்சலும் தேவைப்பட்டன. பிறகே ஒரு மில்லிவாட் தரும் மாட்யூல்கள் சந்தைக்கு வந்தன.

இந்தக் கதையில் தடம் யாருடையது என்ற கேள்வியும் ஒளிந்திருக்கிறது. பெருக்கி, ரோடம், டிரான்ஸ்பாண்டர் மூன்றையும் ஒரே நிறுவனத்திடம் வாங்கினால், பழுது வரும்போது ஒரே தொலைபேசி எண் போதும். கொள்ளளவுக்கு அவர்களே உத்தரவாதம் தருவார்கள். ஆனால் நான்கு ஆண்டுகள் கழித்து வேறொருவர் நல்ல டிரான்ஸ்பாண்டர் செய்தால் அதை அந்தத் தடத்தில் ஏற்ற அனுமதி கிடைக்காது. கிடைத்தாலும் உத்தரவாதம் போய்விடும். திறந்த தடத்தில் எவருடைய ஒளியும் ஓடலாம். அதற்கு ஈடாக, எந்த ஒளி எவ்வளவு தூரம் போகும் என்ற கணக்கை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். டெலிகாம் இன்ஃப்ரா புராஜெக்ட் அமைப்பு ஜிஎன்பை என்ற திறந்த மூல மென்பொருளை இதற்காகவே வெளியிட்டிருக்கிறது. பத்தாண்டு ஆயுள் கொண்ட தடத்தையும் நான்காண்டு ஆயுள் கொண்ட அட்டையையும் ஒரே கயிற்றில் கட்டக் கூடாது என்பதால், கணக்குப் போடத் தெரிந்த இரண்டு பேரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு திறந்த தடத்தை எடுப்பதே மேல் என்பது என் கணிப்பு. அலைநீளங்களின் அகலத்தை 12.5 ஜிகாஹெர்ட்ஸ் படிகளில் மாற்றவல்ல நெகிழ் கட்டத்தை அந்தத் தடம் ஏற்க வேண்டும் என்பதும் பேரத்துக்கு இடமில்லாத நிபந்தனை.

கொள்ளளவை எப்படிப் பெருக்கினாலும் இழை அறுந்தால் எல்லாம் சுழியம். 2001 ஜூலை 18 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹவர்டு தெருச் சுரங்கத்துக்குள் சரக்கு ரயில் ஒன்று தடம்புரண்டு தீப்பிடித்தது. அந்தச் சுரங்கத்தின் ஊடாக ஓடிய ஒளியிழைகள் எரிந்தபோது, ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல இணைய நிறுவனங்கள் ஒரே நேரத்தில் பாதிக்கப்பட்டன. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே சீ-மீ-வீ 4, ஃபிளாக் ஆகிய இரண்டு கடலடிக் கம்பிவடங்களும் அறுபட்டபோது இந்தியாவின் மேற்கு நோக்கிய இணையம் பெருமளவு முடங்கியது. இரண்டு கம்பிவடம் வைத்திருந்தவர்களும் தப்பவில்லை, ஏனெனில் இரண்டும் ஒரே கடற்பகுதியில் கிடந்தன. எண்ணிக்கையில் இரண்டு என்பது பாதுகாப்பு அல்ல. ஒரே ஆபத்தில் சேர்ந்து மாட்டாத இரண்டே பாதுகாப்பு.

நம் தடத்தில் இந்தக் கண்ணோட்டத்தோடு வரைபடத்தை விரித்தால் ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. பெங்களூரு வழி ஒன்று, ஹைதராபாத் வழி ஒன்று என்று இரண்டு தடங்கள் எடுக்கிறோம். சென்னை முனையில் கவலை இல்லை. ஒன்று ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் மற்றொன்று கும்மிடிப்பூண்டி பக்கமும் பிரிந்துவிடுகின்றன. ஆனால் கோலாப்பூர் வழியாக வரும் நெடுஞ்சாலையும் சோலாப்பூர் வழியாக வரும் நெடுஞ்சாலையும் புனேயில் சந்தித்து, லோனாவாலா–கண்டாலா மலையிறக்கத்தில் ஒன்றாகத்தான் மும்பைக்கு இறங்குகின்றன. ஒரே பருவமழை, ஒரே நிலச்சரிவு, இரண்டு தடங்களும் காலி. இரண்டாவது தடத்தை ஹைதராபாத்திலிருந்து சத்ரபதி சம்பாஜிநகர் (முந்தைய அவுரங்காபாத்), நாசிக் வழியாக வடக்கே சுற்றி, கசாரா மலைப்பாதை வழியே மும்பைக்குக் கொண்டுவந்தால்தான் உண்மையான பிரிவு. நீளம் கூடும், ஒவ்வொரு 100 கி.மீ.க்கும் அரை மில்லி நொடி தாமதம் கூடும். பங்குச்சந்தைக்காரர்கள் முகம் சுளிக்கலாம். மற்ற எவரும் அதை உணரப்போவதில்லை.

அறுந்த பின் தாவுவதை எந்த அடுக்கு செய்ய வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை: ரவுட்டர். முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த மாற்று வழிக்கு அது 50 மில்லி நொடிக்குள் தாவிவிடும். ரோடம் அடுக்கும் அலைநீளத்தை வேறு வழியில் திருப்பும், ஆனால் வழியெங்கும் உள்ள பெருக்கிகளின் திறன் படிப்படியாக நிலைபெற வேண்டியிருப்பதால் அதற்குப் பல நொடிகள், சிலவேளை நிமிடங்கள் பிடிக்கும். முதல் அடியைத் தாங்குவது ரவுட்டரின் வேலை. அதன்பின் இழந்த கொள்ளளவை மெல்ல மீட்பது ஒளியடுக்கின் வேலை. இரண்டும் ஒரே நேரத்தில் ஒன்றின் காலை மற்றொன்று மிதிக்காதபடி காத்திருப்பு நேரங்களை வகுத்துவைத்தால் போதும்.

போக்குவரத்தின் குணமும் தேர்வை மாற்றும். கூகுள் தன் தரவு மையங்களை இணைக்கும் பி4 வலையமைப்பைப் பற்றி 2013இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், பல இணைப்புகளைக் கிட்டத்தட்ட முழுக் கொள்ளளவில் ஓட்டுவதாகச் சொன்னது. பொதுவாக நெடுந்தூர இணைப்புகள் 30, 40 விழுக்காட்டிலேயே ஓட்டப்படும். மீதி, பழுதுக்கான ஒதுக்கீடு. பி4இல் அது முடிந்ததற்குக் காரணம், சுமையில் பெரும்பங்கு நகலெடுத்தல் போன்ற காத்திருக்கக்கூடிய வேலை என்பதும், இரு முனையிலும் அனுப்புபவர் கூகுளே என்பதும்தான். சென்னையில் கிரிக்கெட் பார்ப்பவரைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. அமெரிக்க எரிசக்தித் துறையின் அறிவியல் வலையமைப்பான ஈஎஸ்நெட்டின் நிலை வேறு: ஃபெர்மி ஆய்வகத்துக்கும் புரூக்ஹேவனுக்கும் போகும் துகள் இயற்பியல் தரவு, எண்ணிக்கையில் குறைந்த, அளவில் பெருத்த ஓட்டங்களாக வருகிறது. முந்தைய தலைமுறையில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் இன்டர்நெட்2 அமைப்போடு ஒளித்தடத்தைப் பகிர்ந்துகொண்ட ஈஎஸ்நெட், 2022 அக்டோபரில் தொடங்கிவைத்த ஆறாம் தலைமுறையில் சொந்த ஒளித்தடத்துக்கு மாறியது. மொத்தக் கொள்ளளவு 46 டெராபிட். நடுப்பகுதியை வேண்டுமென்றே எளிமையாக வைத்து, அறிவு முழுவதையும் விளிம்பில் உள்ள கருவிகளுக்குத் தள்ளிய அதன் வடிவத்தை அவர்கள் உள்ளீடற்ற நடு என்று அழைத்தார்கள். மூத்த அடுக்கில் குறைவாகவும் இளைய அடுக்கில் அதிகமாகவும் முடிவுகளை வைப்பது என்பதன் மறுபெயர்தான் அது.

பெயரில் மட்டும் ஒத்த இன்னொன்றும் இப்போது வந்துகொண்டிருக்கிறது. உள்ளே கண்ணாடிக்குப் பதில் காற்று நிறைந்த உள்ளீடற்ற இழையில் ஒளி ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேகத்தில் செல்லும். இழப்பும் கிலோமீட்டருக்கு 0.1 டெசிபலுக்குக் கீழே இறங்கியிருப்பதாக 2025இல் ஆய்வு முடிவு வெளியானது. அதை நம்பி இன்றைய வேலையை நிறுத்தத் தேவையில்லை. ஆனால் பள்ளம் தோண்டும்போது ஒரு குழாய்க்குப் பதில் நான்கைப் பதித்து, மூன்றைக் காலியாக விட்டு, வாயை அடைத்து வைக்கலாம்; செலவில் பெரும்பகுதி பள்ளத்துக்குத்தான், குழாய்க்கு அல்ல.

இந்தத் தடத்துக்கு நான் எழுதிக் கொடுக்கும் வரைவு இப்படி இருக்கும்: 80 கி.மீ. இடைவெளியில் பெருக்கிகள், நெகிழ் கட்டம் ஏற்கும் திறந்த தடம், சென்னை, பெங்களூரு, புனே, மும்பையில் ரோடம், முழு அலைநீளத்தை நிரப்பும் தேவைகளுக்கு நேரடி ஒளிவழி, மற்றவற்றுக்குச் செருகு மாட்யூல், கசாரா வழியே இரண்டாவது தடம். எல் பட்டைக் கருவிகளை முதல் நாளில் வாங்க வேண்டாம். ஆனால் அவற்றுக்கான பிரிப்பிகள் முதல் நாளே உள்ளே இருக்க வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து சாதாரா வரை ஒவ்வொரு குடிசையிலும் அரை அடுக்குச் சட்டம் காலியாகவும், மின்பலகையில் இரண்டு விசைகள் எதனோடும் இணைக்கப்படாமலும் இருக்க வேண்டும்.